ஊர்ல இருக்கிற டிவிக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்றீங்களா? ஃப்ரீ டிஷ் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



சம்பளம் வந்த முதல் வாரத்துல நம்ம போன்ல இருந்து போற சின்னச் சின்ன ரீசார்ஜ் எத்தனைன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. நம்ம மொபைல், ரூம் வைஃபை, ஒண்ணு ரெண்டு ஓடிடி. அதோட ஊர்ல அப்பா அம்மா வீட்டு டிடிஎச். "படம் வரலப்பா, பணம் கட்டிட்டியா?"ன்னு போன் வந்தா, ஆபீஸ் கேன்டீன்ல நின்னபடியே ஒரு 300 ரூபாயைத் தட்டி விட்டுடுவோம். அது எந்த பேக், அதுல எத்தனை சேனல், யார் எதைப் பார்க்கிறாங்க, எதையும் யோசிக்கிறது இல்லை.

மாசம் 300 ரூபாய்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 3,600. அஞ்சு வருஷத்துக்கு 18,000. இதை எஸ்ஐபி-ல போட்டா கோடீஸ்வரன் ஆகலாம்னு நான் சொல்லப் போறது இல்லை. ஆனா 18,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கினா நாலு ரிவ்யூ பார்த்துட்டுத்தானே வாங்குவோம்? இதுக்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

"ஒரு தடவை ஆன்டெனா வாங்கி மாட்டிட்டா, மாசக் கட்டணமே இல்லாம டிவி பார்க்கலாமாமே?" இதுதான் பலரோட கேள்வி. பதில்: பார்க்கலாம். ஆனா எல்லா வீட்டுக்கும் இது லாபம் இல்லை. எந்த வீட்டுக்கு லாபம், எந்த வீட்டுக்கு நஷ்டம், வாங்கினா எதுல காசு போடணும், எதுல போடக் கூடாதுன்னு வரிசையா பார்ப்போம்.

முதல்ல ஒரு எச்சரிக்கை: ஜன்னல்ல ஒட்டுற ஆன்டெனா

சோஷியல் மீடியாவுல ஒரு விளம்பரம் அடிக்கடி வரும். காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு தகடு. ஜன்னல்ல ஒட்டி டிவி பின்னாடி சொருகினா போதும், நூத்துக்கணக்கான சேனல் இலவசம்னு சொல்லுவாங்க.

அந்தப் பொருள் அமெரிக்கா மாதிரி நாடுகள்ல உண்மையாவே வேலை செய்யும். அங்க பெரிய சேனல்கள் எல்லாம் தரைவழி கோபுரத்துல இருந்து டிஜிட்டல் சிக்னல் அனுப்புறாங்க. நம்ம ஊர்ல நிலைமை வேற. தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷன் கையில மட்டும்தான் இருந்தது. 1975-ல சென்னை தூர்தர்ஷன் தொடங்கின காலத்துல இருந்து, மொட்டை மாடியில மீன் முள்ளு மாதிரி நின்ன அலுமினிய ஆன்டெனா பிடிச்சது இந்த சிக்னலைத்தான். தெக்குக் கடற்கரைப் பக்கம் உயரமா கம்பம் நட்டு பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த கதையை அப்பாகிட்ட கேட்டா சொல்லுவாரு.

அந்தப் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள்ல சுமார் 50 மட்டும் வச்சுக்கிட்டு, மத்ததை 2022 மார்ச் 31-க்குள்ள மூடிடுவோம்னு பிரசார் பாரதி 2021-லேயே அறிவிச்சாச்சு. தனியார் சேனல் எதுவும் தரைவழியா வர்றதே இல்லை. அதனால 999 ரூபாய்க்கு விக்கிற அந்தத் தகடு சன் டிவியையோ விஜய் டிவியையோ பிடிக்க வாய்ப்பே கிடையாது. ஆன்டெனா சேனலை உருவாக்காது. காத்துல இருக்கிறதை மட்டும்தான் பிடிக்கும். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதிக் காசு மிச்சம்.

அப்போ இலவசமா வர்றது எது?

இன்னைக்கு நம்ம நாட்டுல மாசக் கட்டணம் இல்லாத டிவின்னா அது டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்ங்கிற பேர்ல தொடங்கினது. இப்போ நாடு முழுக்க 4 கோடி வீடுகளுக்கு மேல இருக்கு. சிக்னல் வர்றது 93.5 டிகிரி கிழக்குல நிக்கிற ஜிசாட்-15 செயற்கைக்கோள்ல இருந்து. ஒரு சின்ன டிஷ், ஒரு செட்டாப் பாக்ஸ், கேபிள், மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய். அதுக்கப்புறம் ரீசார்ஜ் கிடையாது.

சேனல் எப்படி இலவசமா கிடைக்குது? தனியார் சேனல்கள் இதுல இடம்பிடிக்க பிரசார் பாரதி நடத்துற ஏலத்துல காசு கட்டுறாங்க. அவங்களுக்கு வருமானம் விளம்பரம். அதனால பார்க்கிற நாம கட்ட வேண்டியது இல்லை.

இதுலயே ஒரு சிக்கலும் இருக்கு. ஏலம் எடுத்தவங்க இருப்பாங்க, எடுக்காதவங்க போயிடுவாங்க. 2019-லயும் 2022-லயும் பெரிய நிறுவனங்கள் தங்களோட பிரபலமான இந்தி சேனல்களை ஃப்ரீ டிஷ்ல இருந்து எடுத்துட்டாங்க. அதனால இன்னைக்கு இருக்கிற சேனல் அடுத்த வருஷமும் இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. வாங்குற அன்னைக்கு பிரசார் பாரதி இணையதளத்துல இருக்கிற சேனல் பட்டியலைப் பார்க்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்த யூடியூப் வீடியோவை நம்பி வாங்காதீங்க, அது நம்ம வீடியோவா இருந்தாலும்!

டிஷ்ஷை விடுங்க, முதல்ல வீட்ல என்ன ஓடுதுன்னு பாருங்க

தமிழ்நாட்டு வீட்டுக்கு முக்கியமான விஷயம் இதுதான். சன் டிவி, கேடிவி, ஸ்டார் விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல்கள். ஃப்ரீ டிஷ்ல இதெல்லாம் வராது. வட மாநிலங்கள்ல ஃப்ரீ டிஷ் ஓஹோன்னு ஓடி, நம்ம ஊர்ல அவ்வளவா பரவாததுக்குப் பெரிய காரணம் இது.

உறுதியா கிடைக்கிறது என்னென்ன? டிடி தமிழ் (2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்ததுதான்), மத்த மொழி தூர்தர்ஷன் சேனல்கள், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி நியூஸ், பள்ளி மாணவர்களுக்கான பிஎம் இ-வித்யா சேனல்கள், ஆகாசவாணி வானொலி. இதோட இந்தி சினிமா, பாட்டு, செய்திச் சேனல்கள் நிறைய.

அதனால இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறப்போ ஒரு வேலை பண்ணுங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் டிவியில எந்தெந்த சேனல் ஓடுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேக்ல 200 சேனல் இருக்கும். பேப்பர்ல வர்றது பெரும்பாலும் ஏழெட்டுதான் இருக்கும். நம்ம முடிவை எடுக்க வேண்டியது அந்த ஏழெட்டை வச்சுத்தான்.

ஒண்ணு மட்டும் கவனம். "இதை நிறுத்திட்டு ஃப்ரீ டிஷ் போட்டுடலாமா?"ன்னு அம்மாகிட்ட நேரா கேட்டீங்கன்னா, "உனக்கு எதுக்குப்பா வீண் செலவு, நிறுத்திடு"ன்னுதான் பதில் வரும். பையனோ பொண்ணோ காசு மிச்சம் பிடிக்கணும்னு தன்னோட சாயங்கால சீரியலை விட்டுக் கொடுத்துடுவாங்க. நம்ம கணக்குல அது "300 ரூபாய் சேமிப்பு". அவங்களுக்கு அது நாள் முழுக்க வேலை பார்த்துட்டு உட்கார்ற ஒரு மணி நேரம். பேப்பர்ல எழுதச் சொன்னது இதுக்குத்தான். வாயால சொல்றதை விட, டிவியில ஓடுறது உண்மையைச் சொல்லும்.

கிரிக்கெட் பார்க்கிற வீடா?

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. முக்கியமான விளையாட்டுப் போட்டிகளோட நேரடி ஒளிபரப்பை, உரிமை வாங்கின தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோட பகிர்ந்துக்கணும்னு 2007-ல ஒரு சட்டம் வந்தது. இந்தியா ஆடுற ஒருநாள், டி20 மேட்ச்கள் பலதும் டிடி ஸ்போர்ட்ஸ்ல வர்றது இதனாலதான்.

"எங்க டிடிஎச்-லயும் டிடி ஸ்போர்ட்ஸ் இருக்கே, ஆனா மேட்ச் நேரத்துல வேற என்னமோ ஓடுதே?"ன்னு கேட்பீங்க. இப்படிப் பகிரப்படுற சிக்னலை தூர்தர்ஷனோட தரைவழியிலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிள், டிடிஎச் வழியா காட்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட்ல தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால அதே டிடி ஸ்போர்ட்ஸ், ஃப்ரீ டிஷ்ல மேட்ச் காட்டும், உங்க டிடிஎச்-ல காட்டாது. ஐபிஎல் இதுல வராது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

உங்க வீடு இதுல எது?

1. *சீரியல், தமிழ் சினிமா முக்கியம்.* ஃப்ரீ டிஷ்ஷை மட்டும் நம்பாதீங்க. பேக்கை மட்டும் குறைங்க. டிராய் விதிப்படி கட்டணச் சேனலைத் தனித்தனியாவும் எடுக்கலாம், பெரிய பேக் எடுத்தே ஆகணும்னு இல்லை. ஆனா எந்தச் சேனலும் எடுக்கிறதுக்கு முன்னாடியே நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி 200 சேனல் வரைக்கும் அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153.40-ன்னு டிராய் வரம்பு வச்சிருந்தது. 2024 ஜூலையில அந்த வரம்பை எடுத்துட்டாங்க. உங்க நிறுவனம் இப்போ எவ்வளவு வாங்குதுன்னு ஆப்ல பாருங்க. அரசு கேபிள் இருக்கிற ஊர்னா அவங்க பேக் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க.

2. *செய்தி, கிரிக்கெட், எப்பவாவது பாட்டு.* ஃப்ரீ டிஷ் நல்லா பொருந்தும். சேனல் பட்டியலை மட்டும் சரிபார்த்துக்கோங்க.

3. *ரெண்டாவது டிவி.* தாத்தா ரூம்லயோ மாடியிலயோ இருக்கிற டிவிக்கு ரெண்டாவது இணைப்பு எடுத்து மாசாமாசம் கட்டுறதுக்கு பதிலா ஃப்ரீ டிஷ் போடலாம்.

4. *பேச்சுலர் ரூம்.* வைஃபையும் ஓடிடியும் ஏற்கனவே இருந்தா, பெரும்பாலும் இது தேவையே இல்லை. மேட்ச் பார்க்கணும்னு நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு 500 போட்டா பரவாயில்லை. ஆனா மொட்டை மாடியில ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுடுங்க. அட்வான்ஸ்ல பிடிச்சாங்கன்னா மொத்தக் கணக்கும் போச்சு.

வாங்க முடிவு பண்ணிட்டீங்களா? எதுல காசு போடணும்?

*டிஷ்.* சாதாரணமா 60 செ.மீ. போதும். மரத்தடி கிடையாது, கேபிள் நீளம் குறைவு, அடிக்கடி கனமழை இல்லைன்னா அதுக்கு மேல தேவையில்லை. 90 செ.மீ. டிஷ்ஷோட பரப்பு 60-ஐ விட 2.25 மடங்கு, அதனால மழை நேரத்துல கொஞ்சம் கூடுதலா தாக்குப்பிடிக்கும். மலைப் பகுதி, மழை அதிகம் பெய்யுற ஊர்னா யோசிக்கலாம். ஆனா பெரிய டிஷ் வாங்கினா சேனல் கூடும்னு கடையில சொன்னா நம்பாதீங்க. அதே செயற்கைக்கோள், அதே சேனல்கள்தான். டிஷ் பெருசானா காத்தும் அதிகமா பிடிக்கும், கம்பம் உறுதியா இருக்கணும். கடற்கரை ஊர்ல துருப்பிடிக்காத பூச்சு இருக்கிற டிஷ்ஷா, ஸ்டாண்டான்னு மட்டும் பாருங்க.

*எல்என்பி.* டிஷ் முன்னாடி கொக்கு மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குமே, அதுதான். "யுனிவர்சல் எல்என்பி"ன்னு கேட்டு வாங்குங்க. ரெண்டு டிவிக்கு தனித்தனி சேனல் ஓடணும்னா ரெண்டு அவுட் இருக்கிற எல்என்பி வாங்கணும். ஒரே ஒயரைப் பிரிச்சுக் கொடுத்தா, ஒரு பாக்ஸ் கேட்கிற வோல்டேஜ் இன்னொண்ணைப் பாதிச்சு சில சேனல் வராமப் போகும்.

*ஒயர்.* பலரும் மிச்சம் பிடிக்கிறேன்னு கோட்டை விடுறது இங்கதான். ஆர்ஜி-6 ஒயர் கேளுங்க. நடுவுல ஒட்டுப் போடாம, டிஷ்ல இருந்து பாக்ஸ் வரைக்கும் ஒரே துண்டா, எவ்வளவு குறைவான நீளத்துல முடியுமோ அப்படிப் போடுங்க. முனையில நல்ல கனெக்டர் போட்டு, வெளியில இருக்கிற முனையைத் தண்ணி போகாம டேப் சுத்தணும். மழைக்காலத்துல "சிக்னல் இல்லை"ன்னு வர்ற பல வீடுகள்ல பிரச்சினை இந்த ஒரு கனெக்டர்லதான் இருக்கும்.

*பாக்ஸ்.* எம்பெக்-4 பாக்ஸ்தான் வாங்கணும். விலை குறைவுன்னு பழைய எம்பெக்-2 பாக்ஸைத் தலையில கட்டுவாங்க. அதுல ஃப்ரீ டிஷ்ஷோட ஒரு பகுதி சேனல்தான் தெரியும்.

அதுக்கும் முன்னாடி, உங்க டிவி மெனுவுல சேனல் தேடுற இடத்துல "சாட்டிலைட்"னு ஒரு தேர்வு இருக்கான்னு பாருங்க. சமீப வருஷத்துல வந்த பல டிவியில சாட்டிலைட் டியூனர் உள்ளயே இருக்கு. இருந்தா டிஷ் ஒயரை நேரா டிவியிலயே சொருகலாம். பாக்ஸ் செலவும் மிச்சம், ரெண்டாவது ரிமோட்டும் மிச்சம்.

*பழைய டிஷ்.* மாடியில ஏற்கனவே ஒரு டிடிஎச் குடை சும்மா நிக்குதா? உங்களுக்குச் சொந்தமானதுன்னா அதையே திருப்பி வச்சுப் பயன்படுத்தலாம். சன் டைரக்ட் குடைன்னா ஏறக்குறைய அதே திசையைத்தான் பார்த்துட்டு இருக்கும், லேசா சரி பண்ணா போதும். மத்ததை நல்லாவே திருப்பணும். டிஷ் கைவசம் இருந்தா பாக்ஸ், கூலி செலவோட முடிஞ்சிடும்.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க

சென்னையில இருந்து பார்த்தா இந்தச் செயற்கைக்கோள் சரியா தென்கிழக்குல, சுமார் 68 டிகிரி உயரத்துல இருக்கு. மதுரை, கோவைப் பக்கம் இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளி, உயரம் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது தென்கிழக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தா தென்னை மட்டையோ, வாட்டர் டேங்கோ மறைக்கக் கூடாது. இவ்வளவு உயரத்துல இருக்கிறதால பக்கத்து வீட்டு மாடி பெரும்பாலும் தடையா இருக்காது. டிஷ் அவ்வளவு அண்ணாந்து பார்க்கலையேன்னு சந்தேகம் வரலாம். நாம மாட்டுற டிஷ்ஷோட வடிவமே அப்படி, பார்க்க 45 டிகிரி சாய்ஞ்ச மாதிரிதான் தெரியும்.

டிவி திரையில ரெண்டு கோடு வரும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. பார்க்க வேண்டியது குவாலிட்டி. டிஷ் தப்பான பக்கம் பார்த்துட்டு இருந்தாக்கூட ஸ்ட்ரெங்த் நல்லா காட்டும். குவாலிட்டி எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு வந்த பிறகுதான் போல்ட்டை இறுக்கணும், இறுக்கின பிறகு இன்னொரு தடவை பார்க்கணும். டிஜிட்டல்ல பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியா வந்து எச்சரிக்காது. ஒண்ணு நல்லா தெரியும், இல்லைன்னா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். மாட்டுன அன்னைக்கு விளிம்புல விட்டா, முதல் மழைக்கே போயிடும். 2,000 ரூபாய்ல சிக்னலை அதிகமா மாத்துறது இந்தப் பத்து நிமிஷம்தான்.

கனமழையில கொஞ்ச நேரம் கட் ஆகும். மார்ச், அக்டோபர் ஒட்டி சில நாள் பகல்ல சில நிமிஷம் சிக்னல் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னாடி வர்றதால அப்படி. ரெண்டுக்கும் யாரையும் கூப்பிட்டு சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீங்க, தானா சரியாகும். மின்கம்பி பக்கத்துல ஓடுற மாடின்னா நீங்களே ஏறிப் பார்க்காம ஆளை வச்சே மாட்டுங்க.

இன்னொண்ணு: பெரும்பாலான சேனல் சாதாரணத் தரத்துலதான் வரும். 55 இன்ச் டிவியில எச்டி மாதிரி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

கடைசியா, கணக்கு

மாசம் 300 ரூபாய், அஞ்சு வருஷம்னு வச்சுக்கிட்டு பார்ப்போம்.

- அப்படியே ரீசார்ஜ்: 18,000 ரூபாய்.
- முழுசா ஃப்ரீ டிஷ்: 2,000 + நடுவுல ஒயர், எல்என்பி மாத்த 500 = 2,500. மிச்சம் 15,500. போட்ட 2,000 ஏழு மாசத்துக்குள்ள திரும்பிடும்.
- பேக்கை மட்டும் 220-க்குக் குறைச்சா: மிச்சம் 4,800. ஒரு ரூபாய் முதலீடு இல்லை, சீரியலும் நிக்காது.
- ஃப்ரீ டிஷ் போட்டு, சேனல் பத்தலைன்னு ரெண்டு மாசத்துல பழைய பேக்குக்கே திரும்பினா: 600 மிச்சம், 2,000 செலவு. நஷ்டம் 1,400.

நாலாவது வரிக்குப் போற வீடுகள் எல்லாம் டிஷ்ஷைப் பத்தி விசாரிச்சிருப்பாங்க, வீட்டுல என்ன ஓடுதுன்னு விசாரிச்சிருக்க மாட்டாங்க. அந்தப் பேப்பர்ல இருக்கிற சேனல்ல முக்கால்வாசி ஃப்ரீ டிஷ் பட்டியல்ல இருந்தா தைரியமா வாங்குங்க. பாதிகூட இல்லைன்னா வாங்காதீங்க, பேக்கைக் குறைங்க. நடுவுல இருந்தா, வாங்கின பிறகும் பழைய டிடிஎச் கணக்கை உடனே மூடாம ஒரு மாசம் ரெண்டையும் வச்சிருந்து பாருங்க. அந்த 300 ரூபாயைச் சோதனைச் செலவுன்னு நினைச்சுக்கலாம். அந்த மாசம் முழுக்க அம்மா எந்த ரிமோட்டை எடுக்கிறாங்கன்னு பார்த்தா முடிவு தானா தெரிஞ்சிடும்.

குவாலிட்டி கோட்டைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்புறது எப்படின்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கோம். உங்க வீட்டுப் பேப்பர்ல எத்தனை சேனல் வந்தது? கமெண்ட்ல எழுதுங்க, எந்த வழி சரியா வரும்னு சேர்ந்து பார்ப்போம்.